304எல், 316எல், 321, டூப்ளெக்ஸ்: ஆலைக் குழாய்த் தடத்துக்கு எந்த எஃகு?

ஆலையில் புதிதாக ஒரு குழாய்த் தடம் அமைக்க முனைபவர் முன் துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரில் வந்து நிற்கும் தரங்கள் பெரும்பாலும் ஐந்தாறுதான்: 304, 304எல், 316, 316எல், அவற்றோடு வெப்பத் தடங்களுக்கென்று 321, 347. இவை அனைத்தும் ஆஸ்டினைட் என்ற படிக அமைப்பு வகையைச் சேர்ந்தவை. பளபளப்பை வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறிய முடியாது. அடர்த்திகூட ஒரு சதவீத அளவில்தான் மாறும். வெளிப்படையாகத் தெரியும் வேறுபாடு விலைப்பட்டியலில் மட்டுமே இருப்பதால், '304 போதுமா, 316-க்குப் போக வேண்டுமா' என்ற ஒற்றைக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. விலை கூடிய தரம் எல்லா வகையிலும் மேலானது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அது உண்மையல்ல. 316எல் போட்டும் சில மாதங்களில் ஊசித்துளை விழும் தடங்கள் உண்டு. 304எல்லிலேயே பல்லாண்டுகள் சிக்கலின்றி ஓடும் தடங்களும் உண்டு. 316எல்லைவிட 304எல் நன்றாகத் தாக்குப்பிடிக்கும் திரவங்களும் உண்டு.

தரத்தைத் தீர்மானிப்பவை குளோரைடு, வெப்பநிலை, பற்றவைப்பு ஆகிய மூன்றும்தான். இவற்றை மதிப்பிடும்போது தடம் ஒழுங்காக ஓடும் நிலையை மட்டும் கணக்கில் எடுப்பது போதாது. அது நின்றிருக்கும் நாள்கள், சோதனை நீர் வடியாமல் தங்கிவிட்ட வளைவு, மழைநீர் ஊறிய வெப்பக்காப்பு உறை, அமிலமும் ப்ளீச்சிங் கரைசலும் விட்டுக் கழுவும் நேரம் ஆகியவற்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் அத்தகைய நேரங்களில்தான்.

கார்பன் கேள்வி: ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது

304-க்கும் 304எல்லுக்கும், அதேபோல் 316-க்கும் 316எல்லுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு கார்பன் அளவு மட்டுமே. தொழிற்சாலைக் குழாய்களுக்கான அமெரிக்கத் தரநிர்ணயமான ஏஎஸ்டிஎம் ஏ312-இன்படி 304, 316 ஆகியவற்றில் கார்பன் 0.08 சதவீதம் வரை இருக்கலாம். எல் தரங்களில் 0.035 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தகடுகளுக்கான வரம்பு இன்னும் சற்று இறுக்கமாக 0.030 சதவீதம். இந்தச் சிறிய வேறுபாடு பற்றவைப்பின்போதுதான் பொருள்படுகிறது. எஃகு ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் தங்கும்போது, அதிலுள்ள கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து படிகத் துகள்களின் எல்லைகளில் குரோமியம் கார்பைடாகப் படிகிறது. ஒரு பங்கு கார்பன் தன் எடையைப்போலப் பல மடங்கு குரோமியத்தை இழுத்துக்கொள்வதால், எல்லையை ஒட்டிய மெல்லிய பகுதியில் குரோமியம் குறைந்து, துருவைத் தடுக்கும் படலம் அங்கு உருவாக முடியாமல் போகிறது. பற்றவைப்புத் தையலிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, தையலுக்கு இணையாக ஓடும் கோடு போல அரிப்பு தோன்றுவதன் காரணம் இதுதான். கார்பன் குறைவாக இருந்தால் பற்றவைப்பு நீடிக்கும் குறுகிய நேரத்துக்குள் அந்தக் கார்பைடு உருவாவதில்லை.

முன்பு குறைந்த கார்பன் எஃகை உருக்குவது செலவு மிகுந்த வேலையாக இருந்தது. 1960களின் இறுதியில் ஆர்கானையும் ஆக்சிஜனையும் கலந்து ஊதிக் கார்பனை நீக்கும் முறை தொழில்முறைக்கு வந்த பிறகு நிலைமை அடியோடு மாறியது. இன்று ஆலைகள் கார்பனை 0.02 சதவீத அளவுக்கு எளிதாகக் குறைத்துவிடுகின்றன. அத்துடன் நைட்ரஜனைச் சிறிதளவு சேர்த்து வலிமை குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. தரநிர்ணயப்படி 304-உம் 316-உம் குறைந்தது 515 மெகாபாஸ்கல் இழுவலிமையும் 205 மெகாபாஸ்கல் நெகிழ்வு வலிமையும் (எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு) பெற்றிருக்க வேண்டும்; எல் தரங்களுக்கு இந்த வரம்புகள் 485, 170. எல் தரத்தின் கார்பன் வரம்பையும் சாதாரணத் தரத்தின் வலிமை வரம்பையும் ஒரே குழாய் ஒருசேர நிறைவேற்றும்போது 304/304எல், 316/316எல் என்று இரட்டைச் சான்றிதழ் கொடுக்கப்படுகிறது. சந்தையில் கிடைக்கும் குழாய்களில் பெரும்பகுதி இவ்வாறே வருவதால், பற்றவைக்கப்படும் எந்தத் தடத்துக்கும் இரட்டைச் சான்றிதழ் உள்ள குழாயைக் கேட்டு வாங்கிவிட்டால் இந்தக் கேள்வி முடிந்துவிடும். கனம் குறைந்த குழாய்கள் பற்றவைப்புக்குப் பின் விரைவில் குளிர்ந்துவிடுவதால் சாதாரண 304-உம் அவற்றில் பிழைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆயினும் எல் தரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அந்தத் துணிச்சலால் மிச்சமாவது எதுவுமில்லை.

மாலிப்டினம்: எங்கே தேவை, எங்கே வீண்

304-இல் 18 முதல் 20 சதவீதம் குரோமியமும் ஏறத்தாழ 8 முதல் 11 சதவீதம் நிக்கலும் உள்ளன. 316-இல் குரோமியம் சற்றுக் குறைந்து 16 முதல் 18 சதவீதமாகவும், நிக்கல் கூடியும் இருக்க, 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் புதிதாகச் சேர்கிறது. விலை வேறுபாட்டின் பெரும்பகுதி இந்த மாலிப்டினத்துக்கும் கூடுதல் நிக்கலுக்கும் உரியது. இரண்டு உலோகங்களின் விலையும் அடிக்கடி ஏறி இறங்குவதால் 304எல்லுக்கும் 316எல்லுக்கும் இடையிலான இடைவெளி நிலையானதாக இருப்பதில்லை. போன திட்டத்தின் விகிதத்தை இந்தத் திட்டத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்வது சரிவராது.

மாலிப்டினத்தின் வேலை என்ன என்பதைப் புரிந்துகொள்ள, குழி அரிப்பு எப்படி நிகழ்கிறது என்று பார்க்க வேண்டும். எஃகின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் இருக்கும் குரோமியம் ஆக்சைடு படலந்தான் அதன் பாதுகாப்பு. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் அது தானே ஆறிவிடும். குளோரைடு அயனிகள் இந்தப் படலத்தை அதன் பலவீனமான புள்ளிகளில் உடைக்கின்றன. உடைந்த இடத்தில் சிறு குழி உண்டானதும் அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. கரைந்த உலோக அயனிகள் நீரோடு வினைபுரிந்து குழிக்குள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த நேர்மின் சுமையைச் சமன்செய்ய வெளியிலிருந்து மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. இவ்வாறு குழி தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. மாலிப்டினம் இருக்கும்போது குழிக்குள் உலோகம் கரையும் வேகம் குறைந்து, படலம் மீண்டும் மூடிக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது.

இதை ஓர் எண்ணாகச் சொல்லப் பயன்படுவது குழி அரிப்பு எதிர்ப்பு எண். குரோமியத்தின் சதவீதத்தோடு மாலிப்டினத்தின் சதவீதத்தை 3.3 மடங்காக்கியும் நைட்ரஜனின் சதவீதத்தை 16 மடங்காக்கியும் கூட்டினால் அது கிடைக்கும். 304எல்லுக்கு ஏறத்தாழ 19, 316எல்லுக்கு 24, பின்னால் பார்க்கப்போகும் இருவகைக் கட்டமைப்பு எஃகான 2205 டூப்ளெக்ஸுக்கு 35 என்று கொள்ளலாம். இந்த எண் தரங்களை வரிசைப்படுத்துவதற்கு உதவும்; ஆயுளைக் கணிக்க உதவாது. இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். தரநிர்ணயம் 2 முதல் 3 சதவீதம் என்று அனுமதிக்கும்போது, விலை உயர்ந்த மாலிப்டினத்தை 2.5 சதவீதம் போடும் ஆலைகள் குறைவு; வரம்பின் அடிவிளிம்பை ஒட்டியே பெரும்பாலான 316எல் உருக்கப்படுகிறது. குறைந்தது 2.5 சதவீதம் வேண்டும் என்றால் ஐரோப்பியத் தரவரிசையில் 1.4404 என்ற எண்ணுக்குப் பதில் 1.4435 என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

நீர்த் தடங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் கைக்கணக்கு ஒன்று உண்டு: குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை 304, 1000 மில்லிகிராம் வரை 316. சாதாரண வெப்பநிலை, நடுநிலையான காரஅமிலத் தன்மை, ஓடிக்கொண்டிருக்கும் சுத்தமான நீர், இடுக்குகள் இல்லாத அமைப்பு ஆகிய நான்கும் அமைந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். உண்மையான ஆலைகளில் இந்த நான்கும் ஒன்றுசேர்வது அரிது. ஃபிளாஞ்சுக்கும் கேஸ்கெட்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் குளோரைடு செறிந்துவிடும். நீர் சூடானால் எல்லை வெகுவாக இறங்கிவிடும். சேறோ உப்புப் படிவோ தங்கினால் அதனடியில் அரிப்பு தொடங்கும். சோடியம் ஹைப்போகுளோரைட்டு போன்ற கிருமிநாசினிகள் குளோரைடோடு ஆக்சிஜனேற்ற ஆற்றலையும் சேர்த்துக் கொண்டுவருவதால், அளவு மீறினால் 316எல்லையும் குழியாக்கிவிடும்.

நான் கண்டவரையில், குழாய் வாங்குவோர் மிகக் குறைவாகக் கவனிப்பது நின்ற நீரைத்தான். புதிய தடத்தை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்திய பின், சோதனை நீரை முழுமையாக வடித்து உலர்த்தாமல், அடுத்த கட்டப் பணி தொடங்கும் வரை வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். தாழ்வான பகுதிகளில் தங்கிய நீர் மெல்ல ஆவியாகும்போது குளோரைடின் செறிவு ஏறுகிறது. கிணற்று நீரோ ஆற்று நீரோ பயன்படுத்தியிருந்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் பற்றவைப்புத் தையலின் ஓரத்தில் குடியேறி அங்கேயே துளையிடுகின்றன. உற்பத்தி தொடங்கும் முன்பே கசியும் குழாய்களின் கதை பெரும்பாலும் இதுவே. சோதனை நீரில் குளோரைடு 50 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம்) இருக்க வேண்டும், சோதனை முடிந்த உடனே வடித்து உலர்த்த வேண்டும் என்று பல திட்ட விவரக்குறிப்புகள் வலியுறுத்துவது இதனால்தான். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க மனமில்லாத இடத்தில் 304எல்லிலிருந்து 316எல்லுக்கு மாறுவது கசிவைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம், தடுக்காது.

குளோரைடு இல்லாத இடங்களில் மாலிப்டினத்துக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண். கனிமம் நீக்கிய நீர், உலர்ந்த அழுத்தக் காற்று, நைட்ரஜன், ஆக்சிஜன் போன்ற சுத்தமான வாயுக்கள், சமையல் எண்ணெய், திரவ நைட்ரஜன் போன்ற கடுங்குளிர்ப் பொருள்கள் ஆகியவற்றுக்கு 304எல் தாராளமாகப் போதும். திரவ நைட்ரஜனின் கொதிநிலையான மைனஸ் 196 டிகிரியிலும் ஆஸ்டினைட் எஃகு நொறுங்காது என்பதால் கடுங்குளிர்த் தடங்களில் 304எல் வழக்கமான தேர்வு.

நைட்ரிக் அமிலத்தில் நிலைமை தலைகீழாகவே மாறுகிறது. அது ஆக்சிஜனேற்றும் அமிலம். அதில் படலத்தைக் காப்பது குரோமியம், மாலிப்டினமல்ல. குரோமியம் சற்றுக் கூடுதலாக உள்ள 304எல் அங்கு நன்றாக நிற்கிறது. 316எல்லிலோ மாலிப்டினம் செறிந்த நுண்பகுதிகளைச் சூடான நைட்ரிக் அமிலம் தேடித் தாக்குகிறது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று நைட்ரிக் அமிலத் தடத்துக்கு 316எல் வாங்குபவர், கூடுதல் விலை கொடுத்துக் குறைந்த ஆயுளை வாங்குகிறார். இதற்கு மாறாக அசிட்டிக் அமிலம், பாஸ்பாரிக் அமிலம், குளிர்ந்த நிலையில் உள்ள மிக நீர்த்த கந்தக அமிலம் ஆகியவற்றில் மாலிப்டினம் தன் விலைக்கு உரிய பயனைத் தருகிறது. இவற்றுக்கு 304எல்லைப் பரிந்துரைக்க முடியாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இரண்டுமே ஆகாது.

மருந்து உற்பத்தியில் 316எல் ஏறத்தாழ விதியாகவே ஆகிவிட்டது. அங்கு அரிப்பு எதிர்ப்பு மட்டும் காரணமல்ல. தானியங்கி வட்டப் பற்றவைப்பில் உருகிய உலோகம் ஒரே சீராகப் பரவ வேண்டும் என்பதற்காகக் கந்தகத்தின் அளவுகூட 0.005 முதல் 0.017 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று மருந்து உற்பத்திக் கருவிகளுக்கான ஏஎஸ்எம்ஈ பிபிஈ தரநிர்ணயம் வரையறுக்கிறது. சாதாரண 316எல் குழாயை வாங்கி மருந்துத் தடத்துக்குப் பயன்படுத்த நினைப்பவர் இந்த வரியில்தான் சிக்குவார்.

வெப்பம் கூடும்போது

சூடான தடங்களில் இரண்டு வெவ்வேறு எல்லைகள் உள்ளன. அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் எல்லை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் குளோரைடும் இழுவிசைத் தகைவும் (உலோகத்துக்குள் இருக்கும் இழுப்பு) சேர்ந்தால் ஆஸ்டினைட் எஃகில் தகைவு அரிப்பு விரிசல் தோன்றும் அபாயம் தொடங்குகிறது. பற்றவைப்பே போதுமான தகைவைக் குழாயில் விட்டுச்செல்வதால், 'எங்கள் தடத்தில் அழுத்தம் குறைவு' என்ற வாதம் இங்கு எடுபடாது. நிக்கல் 8 முதல் 10 சதவீத அளவில் இருக்கும் எஃகுதான் இந்த விரிசலுக்கு மிக எளிதில் ஆளாகிறது. 304எல் சரியாக அந்த இடத்தில் நிற்கிறது. 316எல் அதிலிருந்து பெரிதாக விலகிவிடவில்லை. ஆகவே குளோரைடு உள்ள சூடான நீருக்கு 304எல்லா 316எல்லா என்று ஒப்பிடுவதே பயனற்றது. திரவத்தில் குளோரைடு இல்லாவிட்டாலும் குழாயின் வெளிப்புறத்திலிருந்து இதே ஆபத்து வரலாம்: வெப்பக்காப்பு உறைக்குள் மழைநீரோ தரை கழுவும் நீரோ புகுந்து, சூடான குழாயின் மேல் ஆவியாகி ஆவியாகிக் குளோரைடைச் செறிவாக்கும்போது, விரிசல் வெளியிலிருந்து உள்நோக்கி வளர்கிறது. உறையைப் பிரிக்காமல் அதைக் காண முடியாது. சூடான, காப்பு உறையிட்ட தடங்களுக்கு அடியில் பூச்சு அடிக்கும் செலவை இங்கு யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இரண்டாவது எல்லை ஏறத்தாழ 425 டிகிரி. அதற்கு மேல் நீண்ட காலம் இயங்கும் தடத்தில் முன்பு சொன்ன குரோமியம் கார்பைடு பிரச்சினை பற்றவைப்பின் சில நிமிடங்களோடு முடிவதில்லை, ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. எல் தரத்தின் குறைந்த கார்பன்கூட அவ்வளவு நீண்ட காலத்துக்குத் தாங்காது. 321-உம் 347-உம் வருவது இங்கேதான். 321-இல் டைட்டானியமும் 347-இல் நியோபியமும் சேர்க்கப்படுகின்றன. இவை குரோமியத்தைவிடக் கார்பன் மேல் அதிக நாட்டம் உள்ளவை என்பதால், கார்பனைத் தம்மோடு கட்டிப்போட்டுக் குரோமியத்தைக் காப்பாற்றுகின்றன.

321-ஐ 304-க்கு மேலான தரம் என்றும் 316-க்கு இணையானது என்றும் சிலர் நினைப்பதுண்டு. குளோரைடுக்கு எதிராக 321-க்கும் 304-க்கும் வேறுபாடு கிடையாது. அதில் மாலிப்டினம் இல்லை. அதன் தகுதி வெப்பத்தில் மட்டுமே. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் கந்தகம் கலந்த சூடான ஹைட்ரோகார்பன் தடங்களுக்கு 321-ஐயும் 347-ஐயும் விரும்பக் காரணம் வேறொன்றும் உண்டு. தடம் இயங்கும்போது உள்சுவரில் படியும் சல்ஃபைடு படிவு, பராமரிப்புக்காகத் தடம் நிறுத்தப்பட்டுக் காற்றும் ஈரமும் உள்ளே புகும்போது பாலிதயோனிக் அமிலமாக மாறி, குரோமியம் குறைந்த துகள் எல்லைகளை ஒட்டி விரிசலிடுகிறது. ஆண்டு முழுதும் ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடிய குழாய், ஓய்வில் இருந்த ஒரு வாரத்தில் பிளந்துபோவது இவ்வாறுதான்.

321-க்கும் 347-க்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், கிடைக்கும் தன்மையில் 321 முந்துகிறது. உயர் வெப்பத்தில் நீண்டகால வலிமையில் 347 முந்துகிறது. பற்றவைப்பு வில்லில் டைட்டானியம் எரிந்து போய்விடுவதால், 321 குழாயையும் 347 வகை நிரப்புக் கம்பியால்தான் பற்றவைக்கிறார்கள். 540 டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலும் அழுத்தம் தாங்க வேண்டிய குழாய்களுக்கு நிலைமை இன்னும் மாறுகிறது: அங்கு மெதுவாக இழுபட்டு நீளும் ஊர்வைத் தடுக்கக் கார்பன் தேவைப்படுகிறது. அதனால் 0.04 முதல் 0.10 சதவீதம் வரை கார்பன் இருக்கும்படி வரையறுக்கப்பட்ட 304எச், 316எச், 321எச், 347எச் தரங்கள் பயன்படுகின்றன. பற்றவைப்புக்கு நல்லது என்று எல் தரத்தைப் பழகியவர்கள் அந்த வெப்பத்துக்கும் அதையே எழுதிவிட்டால், குழாய் அரிக்காது, ஆனால் வலிமை போதாமல் தொய்ந்துபோகும்.

316-இல் டைட்டானியம் சேர்த்த 316டிஐ, ஐரோப்பிய வரைபடங்களில் 1.4571 என்ற எண்ணோடு அடிக்கடி வரும். குறைந்த கார்பன் எஃகு அரிதாக இருந்த காலத்தின் எச்சமாகவே அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்று சாதாரண வெப்பநிலையில் 316எல்லைவிட அது மேலானதல்ல. டைட்டானியம் சேர்மத் துகள்களால் கண்ணாடி போல் மெருகேற்றவும் முடியாது. பழைய வரைபடத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இரண்டும் போதாதபோது

குளோரைடு மிகுதி, வெப்பம் 60 டிகிரிக்கு மேல் என்ற இரண்டும் சேரும் இடத்தில் 2205 டூப்ளெக்ஸை ஒப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். 22 சதவீதக் குரோமியம், 3 சதவீதத்தை ஒட்டிய மாலிப்டினம், நைட்ரஜன், ஆனால் 5 சதவீத அளவில் மட்டுமே நிக்கல் என்பது அதன் அமைப்பு. பாதி ஃபெரைட் (இன்னொரு படிக அமைப்பு), பாதி ஆஸ்டினைட் என்ற அதன் நுண்கட்டமைப்பு தகைவு அரிப்பு விரிசலை நன்றாகத் தடுக்கிறது. நெகிழ்வு வலிமை குறைந்தது 450 மெகாபாஸ்கல், அதாவது 316எல்லின் இரு மடங்குக்கும் மேல். உயர் அழுத்தத் தடங்களில் சுவர்க் கனத்தைக் குறைக்க முடிவதால், கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையின் ஒரு பகுதி எடையில் திரும்பி வந்துவிடுகிறது. நிக்கல் குறைவாக இருப்பதால் நிக்கல் விலை எகிறும் காலங்களில் இதன் விலை 316எல்லுக்கு நெருங்கியும் வருவதுண்டு.

ஆனால் இது எங்கும் மாற்றிப் போடக்கூடிய குழாயல்ல. 300 டிகிரியை நெருங்கும் வெப்பத்தில் நீண்ட காலம் இயங்கினால் ஃபெரைட் பகுதி இறுகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. ஆஸ்டினைட் எஃகைப் போலக் கடுங்குளிருக்கும் இது ஏற்றதல்ல. பற்றவைப்பில் வெப்ப அளவு கூடினாலும் குறைந்தாலும் கட்டமைப்பின் சமநிலை கெட்டு, காசு கொடுத்து வாங்கிய எதிர்ப்புத் திறன் தையலில் காணாமல் போகும். தேர்ச்சி பெற்ற பற்றவைப்பாளரும் எழுதி வைத்த செயல்முறையும் இல்லாத இடத்தில், ஒழுங்காகப் பற்றவைத்த 316எல், ஏனோதானோவென்று பற்றவைத்த 2205-ஐவிடப் பாதுகாப்பானது. கடல்நீரைப் பொறுத்தவரை 316எல் பேச்சிலேயே வரக் கூடாது; வெதுவெதுப்பான கடல்நீருக்கு 2205-உம் போதாது. அங்கு எதிர்ப்பு எண் 40-ஐத் தாண்டிய சூப்பர் டூப்ளெக்ஸ் அல்லது 6 சதவீத மாலிப்டினத் தரங்கள் வேண்டும்.

கனத்தில் போடும் பணத்தைத் தரத்தில் போடலாம்

தரத்தின் விலையைப் பேரம் பேசும் பலர், சுவர்க் கனத்தைப் பழக்கத்தால் மட்டுமே முடிவு செய்கிறார்கள். 4 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 114.3 மி.மீ. அதன் சுவர்க் கனம், ஷெட்யூல் என்ற கன வரிசையில் 10எஸ் என்றால் 3.05 மி.மீ., 40எஸ் என்றால் 6.02 மி.மீ. மீட்டருக்கு எடை முறையே ஏறத்தாழ 8.4 கிலோ, 16.1 கிலோ. சாதாரண வெப்பநிலையில் 10 பார் அழுத்தத்தைத் தாங்குவதற்கு மெல்லிய குழாயே தாராளமாகப் போதும். சாதாரண எஃகுக் குழாய் போட்ட பழக்கத்தில், அரிப்புக்கு இருக்கட்டும் என்று கனத்தைக் கூட்டுகிறார்கள். சாதாரண எஃகு சுவர் முழுதும் ஒரே சீராகத் தேயும். அங்கு கூடுதல் கனம் ஆயுளைக் கூட்டும். துருப்பிடிக்காத எஃகு தேய்வதில்லை, துளைபடுகிறது. தொடங்கிவிட்ட குழிக்கு மூன்று மில்லிமீட்டர் கூடுதல் சுவர் பெரிய தடையல்ல. 304எல் 40எஸ் குழாய்க்குக் கொடுக்கும் பணத்தில் 316எல் 10எஸ் குழாய் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம் என்ற வாய்ப்பை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மரை வெட்டி இணைக்கும் தடங்களுக்கும், அதிர்வு மிகுந்த இடங்களுக்கும், நீண்ட இடைவெளியில் தாங்கிகள் அமையும் இடங்களுக்கும் கனம் தேவைதான், அவை விதிவிலக்கு.

தையலில்லாக் குழாயா, தையலிட்ட குழாயா என்பதில் அரிப்பை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. ஏ312 இரண்டையும் ஏற்கிறது. வடிவமைப்புக் கணக்கில் தையலிட்ட குழாய்க்கு 0.80 என்ற இணைப்புக் காரணி, அதாவது தையலுக்காக வலிமையைக் குறைத்துக் கொள்ளும் விகிதம், பெரும்பாலும் போடப்படுகிறது. குறைந்த அழுத்தத்தில் அந்தக் குறைப்பு ஒரு பொருட்டே அல்ல.

தரத்தைவிட முடிவைப் பெரிதும் பாதிக்கக்கூடிய ஒன்று பற்றவைப்பின் உட்பக்கம். குழாய்க்குள் ஆர்கான் நிரப்பாமல் பற்றவைத்தால் தையலின் உட்பக்க விளிம்பான வேரில் கறுத்த, சாம்பல் நிற ஆக்சைடு படியும். நீலமும் பழுப்புமாகத் தெரியும் நிறப்படிவின் அடியில் குரோமியம் குறைந்த அடுக்கு இருப்பதால், அந்த இடத்தில் 316எல் தன் தரத்துக்குரிய எதிர்ப்பை இழந்துவிடுகிறது. நைட்ரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் கலவையால் பிக்ளிங் செய்து அந்த அடுக்கை நீக்க வேண்டும். சாதாரண எஃகைத் தேய்த்த சாணைக்கல்லை இங்கே பயன்படுத்தினால், பதிந்த இரும்புத் துகள்கள் துருவேறி அரிப்புக்கு வழிகாட்டும். ஒரே பணத்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், கறுத்த தையல்களோடு கூடிய 316எல்லைவிட, ஆர்கான் நிரப்பிப் பற்றவைத்துப் பிக்ளிங் செய்த 304எல்லையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வாங்கும் இடத்தில்

குளோரைடு குறைவான, சாதாரண வெப்பநிலையில் ஓடும் நீண்ட பயன்பாட்டுத் தடங்களுக்கு 304எல் 10எஸ் போதும். கழுவும் இரசாயனங்களோ உப்போ படும் தடங்களுக்கு 316எல். தடம் குறுகியதாகவும் இரண்டு வகைத் தேவையும் கலந்தும் இருந்தால் எல்லாவற்றையும் 316எல்லாகவே வாங்கிவிடுவது நல்லது. ஏனெனில் கிடங்கில் இரண்டு தரங்கள் ஒன்றாகக் கிடந்தால் என்றாவது ஒருநாள் தவறான துண்டு தவறான தடத்தில் பற்றவைக்கப்படும். எல்போ, டீ, ஃபிளாஞ்சு, வால்வு, நிரப்புக் கம்பி ஆகிய அனைத்தும் குழாயின் தரத்துக்கு இணையாகவோ மேலாகவோ இருக்க வேண்டும்: 304எல்லுக்கு 308எல் கம்பி, 316எல்லுக்கு 316எல் கம்பி.

காந்தத்தை வைத்துத் தரம் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். குளிர்நிலையில் வளைத்த நல்ல 304 எல்போவில் காந்தம் மெல்ல ஒட்டும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 201 தரக் குழாயில் ஒட்டாமல் இருக்கும். அந்த 201-ஐ 304 என்ற பெயரில் தள்ளிவிடுபவர்கள் நம்புவதே காந்தச் சோதனையைத்தான். கையடக்க எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி குரோமியம், நிக்கல், மாங்கனீஸ், மாலிப்டினம், டைட்டானியம், நியோபியம் ஆகியவற்றைச் சில நொடிகளில் காட்டிவிடும். 201-ஐயும் 304-ஐயும், 304-ஐயும் 316-ஐயும், 316-ஐயும் 316டிஐ-யையும் அது பிரித்தறியும். கார்பனை மட்டும் அந்தக் கருவியால் அளக்க முடியாது. ஆகவே 316-இலிருந்து 316எல்லையோ, 304-இலிருந்து 304எச்சையோ அது பிரித்துக் காட்டாது. அதற்கு ஒளி உமிழ்வு நிறமாலைக் கருவியோ லேசர் வகைக் கருவியோ வேண்டும். அல்லது குழாயின் மேல் அச்சிட்டுள்ள உருக்கு எண்ணையும் (ஒரே உருக்கில் வந்த எஃகுக்கு இடும் எண்) ஆலை சோதித்துத் தரும் ஈஎன் 10204 வகை 3.1 சான்றிதழில் உள்ள உருக்கு எண்ணையும் ஒப்பிட்டு, அந்த வரியில் கார்பன் 0.035-க்குள் இருக்கிறதா, நெகிழ்வு வலிமை 205-ஐத் தாண்டுகிறதா என்று சரக்கை இறக்கும்போதே படித்துப் பார்க்க வேண்டும். வெட்டும்போது உருக்கு எண் ஒரு துண்டில் மட்டும் தங்கிவிடும் என்பதால், மீதித் துண்டுகளிலும் அதை எழுதி வைத்த பிறகே அறுவை தொடங்க வேண்டும்.